ஒரு செக்கன் கடல்

விண்ணப்பத்தின் ஐந்தாம் பக்கத்தில் கேட்டிருக்கிறார்கள்:
நான்கு வருடமும் எதை, எந்த ஒழுங்கில்
படிக்க எண்ணியிருக்கிறீர்?
கீழே பன்னிரண்டு கோடுகள்.

டொக்யாட் வீதிப் போட்டோக்கொப்பிக் கடையில்
பகல் முழுக்க நான்
அடையாள அட்டைக்கு முன்பக்கமும் பின்பக்கமும் அடிக்கிறவள்.
இரவு எட்டுக்கு ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு
அதே கம்ப்யூட்டரில் கடல் செய்கிறேன்.

ஒரு படத்துக்கு ஒன்பது நிமிடம்.
செக்கனுக்கு இருபத்துநாலு படம்.
ஒரேயொரு செக்கன் அலை புரள
மூன்று மணி முப்பத்தாறு நிமிடம்,
அதுவும் கரண்ட் போகாவிட்டால்.

சலாஹுதீன் நானா
பில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"புள்ள, ராவையில இந்தக் கடைக்குள்ள
ஆரு ஐஸ் செய்யிற?"
கடல் செய்கிறேன் என்றேன்.
வாசலுக்கு வெளியே கையை நீட்டினார்.
"அந்தா கிடக்கு. இனாம்."

முதல் தடவை பென்சிலால் எழுதியது இது:
முதலாம் வருடம் நீர்.
இரண்டாம் வருடம் நீர், புகை, காற்றில் துணி.
மூன்றாம் வருடம் ஒளி.
நாலாம் வருடம் எட்டு நிமிடத்தில் ஒரு படம்.
கதை பிறகு.

கொழும்பிலிருந்து தர்மிகா குரல் அனுப்பியிருந்தாள்.
பின்னால் பஸ் ஹோர்ன், அவளுக்குத் தடிமன்.
"முதல் வருசம் கம்ப்யூட்டரைத் தொடவே விடமாட்டினம்.
கரியும் கடதாசியும்தான்.
ஒரு கிழமை முழுக்க முழங்கால் கீறினனாங்கள்.
அடுத்த கிழமை மாவு மூட்டை.
கண் இல்லை, கை இல்லை, வெறும் மூட்டை.
அது கோவிக்க வேணும், நாண வேணும்,
படியில ஏறிப் போக வேணும்.
மூட்டைக்கு உயிர் வராட்டி
மனிசருக்கு வராதாம்."

எங்கள் வீட்டில் மாவு மூட்டைக்குப் பஞ்சமில்லை.
அண்ணன் கௌதமன் சீனக்குடா மாவாலையில் லோட் ஏற்றுகிறவன்,
புருவம் வெளுத்துத்தான் வீட்டுக்கு வருவான்.
விழும்போது அது எந்தப் பக்கம் முதலில் நெளியும் என்று கேட்டேன்.
சோற்றைப் பிசைந்தபடி சிரித்தான்:
"மூட்டை தானா நடக்கப் பழகினா
என்ர வேலை போயிடும், பாத்துக் கீறு."

அதற்கு அடுத்த நாள்தான் அந்த மான்.
பஸ் நிலையத்தில், டிக்கெட் துண்டு ஒன்றைச் சப்பியபடி,
கண்டி பஸ்ஸுக்கு முன்னால்
அவசரமே இல்லாமல் குறுக்கே போனது.
பின்னங்கால் ஒன்று நொண்டல்.
ஓட்டோ ஏதும் அடித்திருக்கும்.
போனில் எடுத்துவந்து
ஒவ்வொரு படமாக நிறுத்தி எண்ணினேன்:
மூன்று கால்கள் நேரத்துக்கு வருகின்றன.
நாலாவது இரண்டு படம் பிந்தித் தரையைத் தொடுகிறது.
தொடுவதற்கு முன்
கழுத்து கொஞ்சம் தாழ்கிறது.

ஏன் கழுத்து?
காலில் நோவென்றால் தலைக்கு என்ன வேலை?
இரவு ஒரு மணிவரை பார்த்தேன்.
எனக்குத் தெரியவில்லை.
தோலுக்குள்ளே என்ன நடக்கிறதென்று
தெரியாமலா இரண்டு வருடமாய்
நான் தோல் மினுக்கிக்கொண்டிருந்தேன்?

அழிறப்பரால் தேய்த்ததில்
ஏழாம் கோட்டருகே தாள் கிழிந்துவிட்டது.
கிழிசலுக்கு மேலே புதிதாய் எழுதினேன்:
முதலாம் வருடம் எலும்பு. பாரம். கரி.
இரண்டாம் வருடம் நடை,
நொண்டுகிறவை, சுமக்கிறவை, பிந்தி வருகிறவை.
மூன்றாம் வருடம் ஒலி; அதன் பிறகே கம்ப்யூட்டர்.
நீரை விருப்பப் பாடத்தில் போட்டேன்,
இடம் கிடைத்தால் மட்டும்.
நாலாம் வருடத்துக்கு மூன்று கோடு மிச்சம்.
அதில் எதுவும் எழுதவில்லை.
பொய் எழுதலாம்தான், அழகாகவும் எழுதலாம்.

கடையில் மொனிட்டர் இன்னும் எரிகிறது.
பதினேழாவது படத்தில் அலை
மடியப்போய் மடியாமல் நிற்கிறது.
கரண்ட் போகவில்லை,
நான்தான் நிறுத்தினேன்.

ஐந்தாம் பக்கத்தை மெஷினில் கவிழ்த்து
இரண்டு பிரதி எடுத்தேன்.
கிழிசல் கறுப்புக் கோடாய் விழுந்தது,
ஏதோ ஒரு காலின் முதல் கீறல்போல.
இருபது ரூபாயை நானாவின் லாச்சிக்குள் போட்டுவிட்டு
ஷட்டரை முழுதாக இழுத்தேன்.